பெருங்காய டப்பா

அன்புள்ள மகனுக்கு,

பேசாமல் இருந்தது போதும். தை மாதம் நாம் மலையிலிருந்து இறங்கிய நாள் முதல் ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் உன்னோடு தொலைபேசியில் கல்யாண மண்டபத்தையும் சமையல்காரரையும் நீ இருக்கும் வெளிநாட்டில் பெய்யும் பனியையும் பற்றிப் பேசி முடித்துவிடுகிறேன். மூன்று முறை அதை வாட்ஸப்பில் எழுதினேன். மூன்று முறையும் நீ பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். "இன்னாப்பா, எதையோ அனுப்பி அனுப்பி டெலீட் பண்றீங்க?" என்று கேட்டாய். கை தவறிப் பட்டுவிட்டது என்றேன். அழிக்கும் வசதி இருக்கும் வரை நான் அழித்துக்கொண்டேதான் இருப்பேன் என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்தத் தாள்.

போன ஞாயிறு கோலியனூரிலிருந்து சேகர் வந்தான். வழக்கம்போல ஒரு பை நிறைய மல்லாட்டை, அவன் நிலத்து வேர்க்கடலை. அம்மா அதை முறத்தில் கொட்டியபோது, அடியிலிருந்து மஞ்சள் நிற டப்பா ஒன்று உருண்டு விழுந்தது. நம் வீட்டுப் பெருங்காய டப்பா. "காதர் பாய் குடுக்கச் சொன்னாரு. வாத்யார் வூட்டுதாம்" என்றான் சேகர். அம்மா அதைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "சோப்பு போட்டுக் கழுவியும் வாசன போவல. இத்தினி நாளா வூடு பூரா தேடிக்கினு கீறேன், இது எப்படி பாய்கிட்ட போச்சி?" என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். அவள் டப்பாவை மூடி, "டப்பா காணாம போனது தை மாசம். நீங்க எல்லாரும் மலைக்குப் போனதும் தை மாசம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். உன் அம்மா பத்தாவது வரை படித்தவள். நான் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். எங்கள் இருவரில் யாருக்கு அறிவு அதிகம் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. அன்றைக்கு வந்தது.

உனக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக எல்லாவற்றையும் வரிசையாகவே சொல்கிறேன். அப்படிச் சொன்னால்தான் நடுவில் எதையும் விழுங்காமல் இருப்பேன்.

காதர், சேகர், நான் மூவரும் திண்டிவனத்தில் கல்லூரியில் ஒரே பெஞ்சு. மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பினால், மார்கழியிலும் தையிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடப் போவோம். மண்புழு, மூங்கில் கொம்பு, நாள் முழுவதும் பேச்சு. காதர் கோட்டக்குப்பத்திலிருந்து குவைத்துக்குப் போய் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த பிறகும் அது தொடர்ந்தது. அவனிடம் எனக்குப் பிடிக்காதவை நிறைய. வாய் ஓயாது. நாலு பேர் நடுவில் என்னை இழுத்து வைத்துக் கேலி செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு செரிக்காது. எனக்குத் தலைமையாசிரியர் பதவி வராமல் என்னைவிட இளையவனுக்குப் போனபோது, ஊரே என்னிடம் துக்கம் விசாரித்தது. இவன் மட்டும், "நல்லதாப் போச்சி வாத்யாரே. நீ ஹெட்மாஸ்டர் ஆனா பசங்க மட்டுமில்ல, மரம்கூட ஸ்கூல வுட்டு ஓடிப்பூடும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். எடுத்து வைத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன் என்று உனக்குத் தெரியும்.

ஆனால் அவன்மேல் எனக்கிருந்த உண்மையான கோபம் அது அல்ல. உன்னைப் பற்றியது. நீ வெளிநாட்டில் படிக்க விரும்புவதை முதலில் அவனிடம் சொன்னாய். உனக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பதையும் முதலில் அவனிடம்தான் சொன்னாய். மேம்பாலத்துக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "யோவ் வாத்யாரே, மருமவ ரெடி, நீதான் பாக்கி" என்று அவன் வாயால் நான் கேட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். என் மகனின் வாழ்க்கையில் நடப்பதை நான் இரண்டாவது ஆளாகத் தெரிந்துகொள்வது அன்றோடு எத்தனையாவது முறை என்று வீடு வரை எண்ணிக்கொண்டே வந்தேன். நீ ஏன் முதலில் என்னிடம் வரவில்லை என்று ஒருநாளும் என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும் என்பதுதான் காரணம்.

இந்தத் தை மாதம் நீ ஊருக்கு வந்தபோது, அங்கே நீ கற்றுக்கொண்ட மீன்பிடிப்பை எங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டாய். நீலகிரியில் ஒரு எஸ்டேட்டுக்குள் ஓடும் ஓடையில் டிரவுட் மீன் இருக்கிறது, முன்பே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன் என்றாய். "மூணு கெழங்களையும் கூட்டிக்கினு போறேன்" என்று நீ சிரித்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இங்கே வீட்டில் நீ அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினாய். கோழி இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிச் செய்த பூச்சிகள், ஒவ்வொன்றும் கொசு அளவு. சேகர் அதற்குப் பொய்ப்பூச்சி என்று பெயர் வைத்தான். காதர் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "கோழிய நாம தின்னுட்டு எறக வீசிடறோம். இவனுவ அந்த எறக வெச்சி மீனையும் தின்றானுவளா!" என்றான். நீ, "தின்னக் கூடாது மாமா. புடிச்சி, திரும்ப தண்ணியிலயே வுட்டுடணும்" என்றதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து அம்மாகூடச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. நம்பவில்லை என்பதுதான் சரி. இறகை எந்த மீன் கடிக்கும்? புறப்படும் அன்று காலை, பின்பக்கம் வாழைக்கு அடியில் ஈர மண்ணைக் கிளறி பதினைந்து இருபது புழுக்கள் எடுத்தேன். கையில் கிடைத்தது அடுப்படியில் இருந்த பெருங்காய டப்பா. கடைசியாக அதில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு, கொஞ்சம் மண்ணும் புழுவும் போட்டு ஸ்வெட்டர் பைக்குள் வைத்தேன். ஏமாற்ற வேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த தவறுகளை எல்லாம் தேடிப் போனால், ஒவ்வொன்றின் அடியிலும் இந்த இரண்டு சொற்கள் கிடக்கும். உன் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்ன பிறகும் வேறு மூன்று பெண்களின் ஜாதகத்தைப் பீரோவில் வைத்திருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று. நேற்றுதான் கிழித்தேன்.

எஸ்டேட் வாசலில் காவலர் ஒரு படிவம் கொடுத்தார். செயற்கைப் பூச்சி மட்டுமே பயன்படுத்துவேன், உயிருள்ள இரை எதையும் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி சொல்லி நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "புழு போட்டா இன்னாவாம்?" என்று சேகர் கேட்டான். நான்தான் அவனுக்கு விளக்கினேன். இறகுப் பூச்சி என்றால் மீனின் உதட்டில் மாட்டும், கழற்றி விட்டுவிடலாம். புழு என்றால் ஆசையாக விழுங்கிவிடும், கொக்கி தொண்டைக்குள் போய்விடும், பிறகு விட்டாலும் பிழைக்காது என்று பாடம் நடத்தினேன். நடத்தி முடித்து, தெளிவாக என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டப்பா அப்போது என் பையில் இருந்தது.

அந்தக் காலையை நீ மறந்திருக்க மாட்டாய். உப்பைக் கொட்டியது மாதிரி புல் முழுக்க உறைபனி. விரல் மடங்கவில்லை. "குளிர்ல மீனு மேல வராது, ஆழத்துல சும்மா கெடக்கும். பூச்சிய முங்க வுட்டு மெதுவா வரணும்" என்று சொல்லி ஒவ்வொருவருக்கும் வீசக் கற்றுக்கொடுத்தாய். சேகர் அரை மணியில் பழகிக்கொண்டான். ஏர் பிடித்த கை. காதருக்கு முதல் மீன் மாட்டியதும் அவன் போட்ட கூச்சலில் மரத்தில் இருந்த பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன. அவன் அந்த மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, "போ ராஜா, ஊர்ல எல்லாரையும் கேட்டேன்னு சொல்லு" என்றான். நீ அவன் தோளைக் கட்டிக்கொண்டு சிரித்தாய். என் நூல் மூன்று முறை புதரில் சிக்கியது. நான்காவது முறை என் தொப்பியிலேயே மாட்டியது. நீ என் பின்னால் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "கைய வெறைப்பா வெச்சிக்காதீங்கப்பா. பின்னால போனதும் ஒரு செகண்ட் நிறுத்துங்க. நூலு நீளட்டும், அப்புறம் முன்னால" என்றாய். ஊசல் எப்படி ஆடுகிறது என்று முப்பது வருடம் பாடம் எடுத்தவனுக்கு நீ சொல்லிக்கொடுத்தாய். பொறுமையாகத்தான் சொன்னாய். சின்ன வயதில் உனக்கு நான் கணக்கு சொல்லிக்கொடுத்தபோது அந்தப் பொறுமை என்னிடம் இருந்ததா என்ற நினைப்பு வந்தது. அதையும் உன்மேல் கோபமாக மாற்றிக்கொண்டேன்.

நான் தனியாக ஓடையின் வளைவுக்கு அப்பால் போனேன். அங்கே ஒரு பாறை, அதன் கீழே கறுப்பாக ஆழமான நீர். பாறைமேல் டப்பாவைத் திறந்து வைத்து, உன் பொய்ப்பூச்சியின் மேலேயே ஒரு புழுவைக் கோத்தேன். நிமிர்ந்தால் காதர் நிற்கிறான். ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. "ஜல்தி வாத்யாரே, ஜல்தி. புள்ள இந்தப் பக்கம்தான் வந்துக்கினு கீறான்" என்று கண்ணைச் சிமிட்டினான். நான் நூலை இறக்கினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கோல் வளைந்தது.

நீ ஓடி வந்தாய். முழங்கால் தண்ணீரில், காலணியோடு. ஒன்றரைச் சாண் இருக்கும் அந்த மீன். பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு, உடம்பெல்லாம் மிளகு தூவியது மாதிரி புள்ளிகள். "அப்பா! அப்பா!" என்று கத்திக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாய். கடைசியாக நீ என்னைக் கட்டிப்பிடித்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை, உனக்கும் இருக்காது. சேகர் படம் எடுத்தான். அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேன். பொய்ச் சிரிப்பு இல்லை அது. அந்த நிமிடத்தில் புழுவை நான் மறந்தே போயிருந்தேன்.

பிறகு நீ கொக்கியைக் கழற்றக் குனிந்தாய். "இன்னாப்பா இது, தொண்ட வரைக்கும் போயிருக்கு?" என்றாய். இடுக்கியை உள்ளே விட்டு எடுத்தபோது, இரத்தத்தோடு பழுப்பாக ஒரு துண்டு வந்தது. பின்னாலேயே வந்திருந்த காவலர், "இது மண்புழு சார்" என்றார். நீ அந்தத் துண்டைப் பார்த்தாய். அடுத்து என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பினாய். பாதி திரும்புவதற்குள் காதர் பேசினான்.

"நான்தான் தம்பி. உங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணாடியில தண்ணி அடிச்சிடுச்சி, முடிச்சி ஒண்ணு போட்டுக் குடுடான்னு தூண்டிய நீட்டுனாரு. நான் ஒரு புழுவ சொருவி வுட்டுட்டேன். மனுசனுக்கு ஒரு மீனாவது மாட்டட்டுமேன்னு." சொல்லிக்கொண்டே தன் கோட்டுப் பையிலிருந்து அந்த மஞ்சள் டப்பாவை எடுத்துக் காவலரிடம் நீட்டினான். நீ ஓடி வந்த நேரத்தில் பாறையிலிருந்து அதை அவன் எடுத்துப் பையில் போட்டிருக்கிறான்.

நீ அவனிடம் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. "இன்னா மாமா இது, வெளையாட்டா? எங்கப்பா இப்படிச் சிரிச்சி நான் பாத்ததே இல்ல. அதையும் பொய்யாக்கிட்டீங்களே." நான் வாயைத் திறந்தேன். இப்போதாவது உண்மை வரும் என்று காதரும் நினைத்திருக்கலாம், என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னது இது: "ஏண்டா காதர், இப்படிப் பண்ண?"

அவன் என் முகத்திலிருந்து கண்ணை எடுத்தான். பிறகு, "தப்புதான் வாத்யாரே" என்றான்.

நீ அந்த மீனை ஓட்டத்துக்கு எதிராகத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். விரல்கள் நீலமாகிவிட்டன. ஒவ்வொரு முறை கையை எடுக்கும்போதும் அது பக்கவாட்டில் சாய்ந்தது. காவலர் அனுமதியை ரத்து செய்தார். இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று உன்னிடம்தான் சொன்னார், உன் பெயரில் வாங்கிய அனுமதி என்பதால். காலி டப்பாவைக் காதரிடமே திருப்பிக் கொடுத்தார். இரண்டு நாள் என்று போனவர்கள் மறுநாள் காலையே வாடகைக் காரில் கிளம்பினோம்.

இப்போது எழுதப் போவதுதான் எனக்குக் கடினமானது. பொய்யைவிட இது பெரியது. வழி நெடுக நீ என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். எப்போதும் நீ காதரோடு பின் இருக்கையில் உட்கார்ந்து கதையடிப்பவன். அன்று உன் சால்வையை எனக்குப் போர்த்திவிட்டாய். சேலம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கினாய். முதல் முறையாக என் மகன், காதருக்கு எதிராக, என் பக்கம். நான் வெட்கப்பட்டேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். நான் மகிழ்ந்தேன். தோளை அசைக்காமல், கை மரத்துப்போகும்வரை அப்படியே உட்கார்ந்து அந்த மகிழ்ச்சியை அனுபவித்தேன். பின்னால் ஒருவன் ஒரு வார்த்தை பேசாமல் வருகிறான், இருபது வருடக் குவைத் கதைகளில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் வருகிறான் என்பதைக் கேட்டுக்கொண்டே.

பொழுது சாயும் நேரத்துக்கு விழுப்புரம் வந்தோம். சேகர் இறங்க வேண்டிய இடம் அது. காதரும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவன் நம்மோடு திண்டிவனம் வந்து, அம்மா சமைத்து வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, நம் வாசலில் நிறுத்தியிருந்த தன் ஸ்கூட்டரில் போவதாகத்தான் ஏற்பாடு. "இன்னா பாய், வண்டி அங்க கீதே?" என்று சேகர் கேட்டான். "இங்க ஒரு வேல கீதுப்பா" என்றான். நீ கண்ணாடி வழியாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். அவன் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்து போவதை நான் பார்த்தேன். நீ விமானம் ஏறிப் போன பிறகும் ஸ்கூட்டர் நம் வாசலிலேயே நின்றது. கடைசியில் சேகர்தான் வந்து ஓட்டிக்கொண்டு போனான். நம் வாசல்படி ஏற வேண்டியிருக்குமே என்று தன் வண்டியை எடுக்கக்கூட அவன் வரவில்லை.

போன மாதம் நீ தொலைபேசியில் சொன்னாய்: "காதர் மாமாவுக்குப் பத்திரிகை வேணாம்பா. அவர பாத்தா எனக்கு அந்த மீனுதான் ஞாபகம் வரும்." நான் சரி என்றேன். பத்திரிகைகள் அச்சாகி வந்து மேசைமேல் கட்டாக இருக்கின்றன. வைகாசியில் கல்யாணம். ஓரங்களில் மஞ்சள் தடவும்போது அம்மா, "பாய் வூட்டுக்கு எப்ப போறீங்க?" என்று கேட்டாள். நான் அடுத்த பத்திரிகையை எடுத்தேன். அவள் டப்பாவில் புதிதாகப் பெருங்காயத்தை நிரப்பி, என் கண்ணில் படும்படி அலமாரியின் முன்வரிசையில் வைத்திருக்கிறாள்.

அந்த மீனைக் கொன்றவன் நான். உன் மாமா அல்ல.

இதை எழுதுவதால் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. காதர்மேல் எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது. சொல்லப் போனால் கூடியிருக்கிறது. என்னைக் கேட்காமல் என்னைக் காப்பாற்றினான். அதையும் நான் மன்னிக்கவில்லை. டப்பாவைக் கழுவி, ஒரு சொல் இல்லாமல் அனுப்பினானே, அதைவிட அவன் வந்து நாலு பேர் நடுவில் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். ஆனால் என் கோபம் என்னோடு போகட்டும். உன்னிடம் அதைக் கொடுத்தது நான். நீ அவனை வெறுப்பது உன் வெறுப்பு அல்ல, நான் உனக்கு ஊட்டியது. அதை இறக்கி வைத்துவிடு.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் ஏதாவது சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் மனைவி உன்னிடம் கோபத்தில் எதையாவது சொல்வாள். அதைக் கேட்டுவிட்டு மறந்துவிடு, எடுத்து வைக்காதே. நீ செய்த தவறை வேறு யாராவது தன்னுடையது என்று சொல்ல முன்வந்தால், அந்த நிமிடமே அவர் வாயைப் பொத்து. ஒரு நிமிடம் தாண்டிவிட்டால் பிறகு மூன்று மாதம் ஆகிறது. எனக்கு ஆனது. உன் பிள்ளை உன்னிடம் சொல்லாமல் வேறொருவரிடம் போய் எதையாவது சொன்னால், அந்த வேறொருவர்மேல் கோபப்படாதே. அவர் காது கொடுத்துக் கேட்டிருப்பார், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தைத் திண்டிவனம் தபால் நிலையத்தில் கொடுக்கப் போவதில்லை. அங்கே இருப்பவன் என் பழைய மாணவன். நலம் விசாரிப்பான், அதற்குள் எனக்கு மனம் மாறிவிடும். நாளைக் காலை விழுப்புரம் போகிறேன். ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள சிவப்புப் பெட்டியில், தபால்தலை ஒட்டி, போட்டுவிடுவேன். பெட்டிக்குள் விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. அங்கிருந்து அப்படியே கோட்டக்குப்பம் பஸ் ஏறுகிறேன். மஞ்சள் தடவிய முதல் பத்திரிகை பையில் இருக்கிறது. அவன் கதவைத் திறப்பானா என்று தெரியாது. திறந்தால், "உன் மகனுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்" என்று அவனிடம் சொல்ல வேண்டும். என் மகன் என்று சொல்லாமல் "உன் மகன்" என்று சொன்னால் அவனுக்குப் புரியும்.

அடியில் கையெழுத்துப் போடவில்லை. என் எழுத்து உனக்குத் தெரியும், யார் எழுதியது என்று நீ தேட வேண்டியதில்லை. உயிருள்ள இரை பயன்படுத்த மாட்டேன் என்ற வரிக்குக் கீழே, எஸ்டேட் வாசலில், தெளிவாக ஒரு கையெழுத்துப் போட்டேனே, அதே கையெழுத்தை இந்தத் தாளிலும் போட்டால் நீ எதை நம்புவாய்? காதர் பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு, நீ ஊருக்கு வரும்போது இந்தக் கடிதத்தையும் கொண்டு வா. அவன் பக்கத்தில் இருக்கும்போது போட்டுத் தருகிறேன். அதுவரை இந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.